கோலுக்குப் பிறகு ஒரு சான்றிதழ்

உருப்படாதவர்கள் என்று ஊரே கைகழுவிய பையன்கள். அவர்களை நம்பும் ஒரு வாத்தியார். கடைசி நிமிடத்தில் ஒரு கோல். இந்தக் கதையை எல்லா மொழிகளிலும் எடுத்திருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த எனக்கு அதைத் தமிழிலும் மலையாளத்திலும் பார்க்கும் வசதி இருந்தது. பஸ் ஏறினால் ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறு பக்கம் சித்தூர். இரண்டு பக்கமும் கோல் விழுந்ததும் கொட்டகை விசிலடிக்கும், படம் முடிந்துவிடும்.

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஜுண்ட்' (2022) அப்படி முடியவில்லை. நாக்பூர் சேரிப் பையன்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்த விஜய் பர்சே என்ற ஆசிரியரின் நிஜக் கதை இது. அவராக அமிதாப் பச்சன் நடித்தார். பையன்கள் ரயிலில் நிலக்கரி திருடுகிறார்கள், சங்கிலி பறிக்கிறார்கள், போதையில் கிடக்கிறார்கள். பக்கத்துக் கல்லூரி அணியோடு மோதுகிறார்கள். மற்ற படங்களில் கிளைமாக்ஸாக வந்திருக்கும் அந்த ஆட்டம் இதில் வெகு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான எதிரணி வருகிறது: பாஸ்போர்ட் அலுவலகம்.

வீடற்றோர் உலகக் கோப்பைக்குப் போக அழைப்பு கிடைக்கிறது. ஆனால் ஒருவன் மேல் போலீஸ் வழக்கு. மோனிகா என்ற பெண்ணுக்கோ, தான் இன்னார்தான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்பாவும் மகளும் அடையாளச் சான்றுக்காகப் படியேறி இறங்கும் காட்சிகள் நீளமாக வருகின்றன. இந்த இடத்தில் படம் இழுக்கிறது என்றார்கள் சில நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த அலைச்சல் அதைவிட நீளமானது.

என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில். கொழுந்து பறித்தே காலம் கழித்தவர். அந்த மலையில் கால்பந்து பழைய விஷயம். தோட்டத் தொழிலாளர் அணிகள் மோதும் ஃபின்லே கோப்பைப் போட்டி மூணாறில் 1941இல் தொடங்கியது. பெரியம்மாவின் பேரன் லயத்து வாசலில் பந்து உதைத்து வளர்ந்தவன். பள்ளியில் அடிதடிக்காரன் என்று பெயர் வாங்கியவன், எஸ்டேட் அணியில் ஸ்டாப்பர் பேக் ஆன பிறகு அடங்கினான். பிளஸ் டூ முடித்ததும் ஒரு கல்லூரியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். கட்டணச் சலுகைக்கு சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். ஆட்டம் அங்கே நின்றது.

காரணம் 1950. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அதற்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர்களுக்குக் கேரளத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதற்கு முன்பே முன்னோர்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் லயம் கம்பெனிக்குச் சொந்தம், தொழிலாளி பேரில் பட்டா கிடையாது. தாத்தா பெயர் இருந்த செக்ரோலைக் கரையான் தின்றிருந்தது. விஷயம் சட்டமன்றம்வரை போனது ஊரறிந்தது. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் ஜெயித்த ஏ. ராஜாவின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதி என்றால் ஸ்டாப்பர் பேக் எம்மாத்திரம்?

பையன் இப்போது மூணாறில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போகிறான். 'ஜுண்ட்' படத்தை அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். கோல்களின்போது சும்மா இருந்தவன், மோனிகாவின் அப்பா கையெழுத்துக்காக நின்றபோது, "இவரு நம்ம தாத்தா மாதிரி இருக்காரு சித்தப்பா" என்றான்.

விளையாட்டு ஒருவனை மாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இவனையே மாற்றியது. ஆனால் மாறியவனை உள்ளே விட வாசலில் காகிதம் கேட்கிறார்கள். எல்லைப் பகுதியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: பந்து வாங்கும்போதே ஆளுக்கொரு ஃபைலும் வாங்குங்கள். தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய சம்பளச் சீட்டு, கோயில் அல்லது சர்ச் பதிவேட்டின் நகல் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். பன்னிரண்டு வயதில் தேட ஆரம்பித்தால் பதினெட்டு வயதுக்குள் கிடைத்துவிடலாம்.