விரல்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம்

பியானோ வகுப்பில் சேரும் மாணவியர் எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு. சேர்ந்த மறுநாளே பாட்டு வாசித்துவிட வேண்டும்! ஆசிரியை நம்முன் திறந்து வைப்பதோ பயிற்சிப் புத்தகம். ஒரே ஸ்வர வரிசை, ஏறியும் இறங்கியும், நாள்தோறும். "இது எதற்கு?" என்று நாங்கள் முணுமுணுக்காத நாளில்லை.

இதற்கு நம் கையே விடை சொல்கிறது. உள்ளங்கையை மேசைமேல் வைத்து ஒவ்வொரு விரலாக உயர்த்திப் பாருங்கள். மோதிர விரல் மட்டும் அடம் பிடிக்கும். அதன் தசைநாண் புறங்கையில் அண்டை விரல்களின் நாண்களோடு பிணைந்திருப்பதே காரணம். பாட்டை இயற்றியவரோ அந்த விரலுக்கு எந்தச் சலுகையும் காட்டுவதில்லை!

ஐந்து விரலும் சமமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே பிரெஞ்சு ஆசிரியர் ஹானோன் 1873-ஆம் ஆண்டில் 60 பயிற்சிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அதன் முதல் 20 பயிற்சிகளில் கறுப்புக் கட்டைக்கு வேலையே இல்லை. மெட்ரோனோமில் நிமிடத்திற்கு 60 தட்டு என்ற வேகத்தில் தொடங்கி, படிப்படியாக 108 வரை செல்லச் சொல்கிறார். பீத்தோவனின் மாணவரும் லிஸ்டின் ஆசிரியருமான செர்னியும் இத்தகைய பயிற்சிகளை ஏராளமாக எழுதினார். ஷோப்பான் 1833-இல் வெளியிட்ட 12 எட்யூட்களோ பயிற்சியையே மேடைக்குரிய இசையாக்கின. கர்நாடக இசை பயிலும் தோழியரும் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடித்தானே கீர்த்தனைக்கு வருகிறார்கள்?

பயிற்சியின் அருமை எங்களுக்கு விளங்கியது காலை வழிபாட்டில்தான். நூற்றுக்கணக்கானோர் பாட நாம் வாசிக்கும்போது, கவனமெல்லாம் விரலில் இருந்தால் குரல்களைக் கவனிப்பது யார்? அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் சற்றே காத்திருக்க வேண்டும். சிறுமியர் தயங்கும் இடத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். விரல் தன் வேலையைத் தானே செய்தால்தான் நம் காதைப் பாடுவோருக்குக் கொடுக்க முடியும்.

ஆனால், மனம் எங்கோ அலைய விரல் மட்டும் ஓடினால் பயனில்லை. கவனமின்றி நூறு முறை வாசிப்பதைவிட, ஒவ்வொரு ஸ்வரத்தையும் காது கொடுத்துக் கேட்டுப் பத்து முறை வாசிப்பது மேல். கை வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது கைக்கே கேடு.

ஆகவே, புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளே, பயிற்சிப் புத்தகத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். நாள்தோறும் கால் மணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். உங்கள் மோதிர விரல் ஒருநாள் உங்களுக்கு நன்றி சொல்லும். உங்களோடு பாடுகிறவர்களும் சொல்வார்கள்!