இரவல் போன புத்தகங்கள்

இரவல் என்ற சொல்லும் இரத்தல் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. வள்ளுவர் 106ஆவது அதிகாரத்தில் 'இரவு' பற்றிப் பாடிவிட்டு, அடுத்த அதிகாரத்திலேயே 'இரவச்சம்' பற்றியும் பாடி வைத்தார். எனக்கு இரண்டாவதோடுதான் உறவு. கேட்டு வருபவருக்குக் குடையோ ஏணியோ எடுத்துக் கொடுக்க நான் தயங்கியதில்லை. இன்னொருவர் வாசலில் நின்று ஒரு பொருளைக் கேட்பதென்றால் மட்டும் நா எழாது. முப்பது ஆண்டுகளாக அமைச்சர்களிடம் கேள்வி கேட்டுப் பழகிய நாவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சுத்தியல் கேட்க முடியவில்லை என்பது வேடிக்கைதான்.

அம்மாவுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. 1983 வரை நாங்கள் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அண்மையில், ஓர் ஒழுங்கைக்குள் வாடகைக்கு இருந்தோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர் என்று கலந்து வாழ்ந்த ஒழுங்கை. எங்கள் இடியப்ப உரல் எந்த வீட்டில் இருக்கிறது என்பது அம்மாவுக்கே பல நாட்களில் தெரியாது. "இரண்டு கொத்து அரிசி மாறினேன்" என்பார். கடன் என்ற சொல் அவர் வாயில் வராது. பொருள் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் படி தாண்டாது. சட்டம் அவ்வளவுதான்.

அம்மாவின் வழியில் என்னைப் போக வைத்தது 2022ஆம் ஆண்டு. அந்தச் சித்திரையில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் விறகு மூட்டவும் வழியில்லை. மேல்மாடிக் குடும்பத்திடம் போய் நின்றேன். கேள்வியை முடிக்கு முன்னரே பாதி தீர்ந்த சிலிண்டர் ஒன்றை அவர்களுடைய மகன் உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். பல வாரங்கள் கழித்து நிறைந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, மேலதிகமான பாதிக்குக் காசு தருவேன் என்று அந்த வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மாடிப்படியில் நடந்த அந்த வாக்குவாதத்தை இரண்டு மாடிகள் நின்று கேட்டன.

புத்தக விடயம் வேறு. அது அப்பாவின் இலாகா.

அப்பா அரசாங்க எழுதுவினைஞர். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் கையில் கிடைத்த ஒரு பிரதியை எத்தனையோ வீடுகள் சுற்றி வாசித்ததாகச் சொல்வார். யாருக்கு எது போனது என்று ஒரு சி.ஆர். கொப்பியில் குறித்து வைப்பார், திருப்பிக் கேட்கமாட்டார். "இந்த வீட்டில் ஒரு புத்தகமும் தங்காது" என்பது அம்மாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

1983 ஜூலை 25ஆந் திகதி அந்த வீடு எரிந்தது. பின்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் இரண்டு இரவுகள் எங்களை மறைத்து வைத்திருந்தது. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அங்கிருந்து 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறை. அலுமாரியில் இருந்த நானூறுக்கு மேற்பட்ட நூல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொப்பியும் எரிந்தது. ஆனால் இரவல் போயிருந்தவை எரியவில்லை. அவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஹற்றனிலிருந்து ஒன்று, மட்டக்களப்பிலிருந்து இரண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் ரொறன்ரோவிலிருந்து தபாலில் ஒன்று. மொத்தம் பதினொன்று. பதிவுக் கொப்பி இல்லை என்பதை அறிந்திருந்தும் அனுப்பினார்கள். அந்தக் குற்றச்சாட்டை அதன்பின் அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் பிறந்ததும் ஓர் இரவலில்தான். கே. எம். செல்லப்பா என்ற அன்பர் 1933இல் தம் வீட்டிலிருந்த நூல்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒரு குழு அமைந்தது. ஒற்றை அறையில் ஆயிரமளவு நூல்கள். அது வளர்ந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளுமாக நின்றபோது, 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரியூட்டப்பட்டது. ஓரிடத்தில் சேர்த்து வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. குற்றம் தீ வைத்தவர்களுடையது. ஆனாலும் ஒரேயொரு பிரதியாக எஞ்சியிருக்கும் நூலைப் பூட்டி வைத்திருப்பவரைக் கண்டால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத் திட்டத்தை மதிப்பது அதனால்தான். ஸ்கான் செய்ய இரவல் கொடுத்த நூல் நம் கைக்குத் திரும்பிய பின்னும் உலகம் முழுவதும் இரவலாகவே இருக்கிறது. அப்பாவின் பதினொன்றில் அங்கே இல்லாத நான்கை நானும் கொடுத்தேன்.

இப்படியெல்லாம் எழுதுபவன் ஒரு விடயத்தில் கறாரானவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மிடையே வாழும் ஈழத்து எழுத்தாளரின் புதிய நூலை நான் இரவல் கொடுப்பதில்லை. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைத் தம் கையாலேயே கொண்டு திரிந்து விற்றதைக் கண்ட தலைமுறை நாங்கள். இங்கே எழுதுபவரே பெரும்பாலும் அச்சுக்கூலியையும் கட்டுகிறார். பிரதி விற்றால்தான் அவருக்கு அடுத்த நூல். ஆகவே கேட்டு வருபவருக்கு அட்டையைக் காட்டுவேன். முன்னுரையை அங்கேயே இருந்து வாசிக்கச் சொல்லித் தேநீரும் தருவேன். பிறகு காலி வீதியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வேன். சிலர் முகம் சுளித்துப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

பதிப்பில் இல்லாத பழைய நூலென்றால் தாராளமாக எடுத்துப் போகலாம். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்வேன். அப்பாவைப் போலன்றி, இரண்டு மாதம் கழித்து ஒருமுறை தொலைபேசியும் எடுப்பேன்.