நாக்கைக் கடித்துக்கொள்ளும் படிப்பு

உங்கள் பெண் 'எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி சேரப் போறேன்' என்று வந்து நின்றால், 'அட்வைஸ் பண்ண ரெண்டு வருஷப் படிப்பா? நம்ம சித்தப்பா போதாதா?' என்று கேட்டுவிடாதீர்கள். 45 வயதில் நான் சேர்ந்தபோது என் வீட்டில் கேட்டார்கள்! அங்கே முதலில் பிடுங்கிக்கொள்வதே அந்த அட்வைஸைத்தான். வழி சொல்லாதே, காது கொடு என்று கார்ல் ரோஜர்ஸ் 1942-லேயே புத்தகம் போட்டுவிட்டார்.

தபாலில், ஆன்லைனில் படிக்கட்டுமே என்றால், 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. அதை நிறுத்திவிட்டது. நல்லதுதான். எதிரே ஆள் இல்லாமல் எதைப் பழகுவது?

பயிற்சியில் என் எதிரே உட்கார்ந்த பெண் கால் மணி நேரம் அழுதாள். 'அழாதேம்மா' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

'அழாதேன்னு நீங்களாவது சொல்லலியேக்கா' என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பற்றி மெள்ளப் பேச ஆரம்பித்தாள்.