முதல் இரண்டு ஆண்டுகள்: செவிலியர் பணிக்குச் செல்லும் நம் பெண்மக்களுக்காக



தருமபுரியில் எங்கள் மகள் பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பை முடித்தபோது, உறவினர் கேட்ட முதல் கேள்வி, “எந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள்?” என்பதே. உள்ளூரில் என்ன ஊதியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அயல்நாட்டுக்குச் செல்லும் பாதை உள்ளூர் மருத்துவமனையில்தான் தொடங்குகிறது என்பதை நாங்கள் பட்டறிந்தோம்.

வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் ஈராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் முதலில் வேலை கொடுக்கும் மருத்துவமனையிடம் இருக்கிறது. ஊதியம் குறைவாக இருந்தாலும் பெண்கள் வாய்திறக்காமல் பணிபுரிவதற்கு இதுவே காரணம். எங்கள் மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 11,000 ரூபாய்க்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்விக்கடனின் தவணை ஒருபுறம், தொடர்ச்சியான இரவுப்பணி மறுபுறம். விலக நினைத்தபோது சான்றிதழ்களைத் திருப்பித் தரப் பணம் கேட்டார்கள். ஜமாஅத் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்று, மூன்றுமுறை நடந்து பேசிய பின்னரே அவற்றைப் பெற்றோம். அல்ஹம்துலில்லாஹ்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டும் அன்று. 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த வல்லுநர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைத் தொடக்க ஊதியமாக அறிவித்தது. நம் மாநிலத்திலோ அரசே 2015இல் ஒப்பந்தச் செவிலியரை 7,700 ரூபாய்க்கு நியமித்தது. அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள். படிப்படியாக அத்தொகை 18,000 ஆயிற்று. ஆனால் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய், படிகள் தனி. நார்செட் என்னும் பொதுத்தேர்வை எழுதி அங்கே சேரலாம். அயல்நாட்டுக் கனவில் இவ்வழியை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அமெரிக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்நாட்டு அரசின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, செவிலியரின் நடுநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர். இதைக் கேட்டு ஆசைப்படாதவர் யார்? ஆனால் என்கிளெக்ஸ் தேர்வில் தேறிய பின்னும், இந்தியர்களுக்குக் குடியேற்ற விசாவுக்கான காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டுகிறது. 2025இல் கூட, 2012, 2013ஆம் ஆண்டுகளில் பதிந்தவர்களுக்கே முறை வந்துகொண்டிருந்தது. “ஆறு மாதத்தில் அமெரிக்கா” என்று கூறி எவரேனும் முன்பணம் கேட்டால், அவரை நம்ப வேண்டாம்.

வளைகுடா செல்வோருக்கு நேரான வழி இருக்கிறது. குவைத் வேலைக்காகச் செவிலியரிடம் முகவர்கள் பல லட்சம் பறித்த நிலையில், 2015இல் மத்திய அரசு அப்பணி நியமனங்களை அரசு முகமைகளின் வழியே நடத்த உத்தரவிட்டது. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. பதிவுபெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக்கட்டணம் வாங்கக் கூடாது. எங்களிடம் ஒருவர் நான்கு லட்சம் கேட்டார். இந்த விதியைச் சொன்னதும் அவர் மறுமுறை அழைக்கவில்லை.

“பெண்பிள்ளைக்கு இந்த வேலை ஏன்?” என்று கேட்போரும் நம்மிடையே இருக்கிறார்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மருத்துவம் நடந்தது ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் அல்லவா? பணி கண்ணியமானது என்றால் அதற்கான கூலியும் கண்ணியமாக இருக்க வேண்டும். தனியே பயணிப்பது பற்றிய மார்க்கக் கேள்விகளை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது.

ஆகவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: முதல் மருத்துவமனையை, மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல விசாரியுங்கள். நியமன ஆணையை எழுத்தில் பெறுங்கள். ஊதியம் வங்கிக் கணக்கில் வரட்டும். அதுவே பின்னாளில் அனுபவத்துக்குச் சான்றாகும். மூலச் சான்றிதழைக் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள்.

எங்கள் மகள் இப்போது வேறொரு மருத்துவமனையில் 17,000 ரூபாய் பெறுகிறாள். இரவுப்பணி முடித்து வந்து நார்செட் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்காகவும், அவளைப் போல நோயாளிகளின் அருகே கண்விழித்திருக்கும் எல்லாப் பெண்மக்களுக்காகவும் துஆச் செய்யுங்கள்.