சுறாக் குட்டிக்கு வயதென்ன?

வீட்டிலே பிள்ளை வளர்வதை அறிய நமக்கு வழிகள் பலவுண்டு. கதவு நிலையிற் கோடிட்டு உயரம் பார்க்கிறோம். கிளினிக்கில் நிறுத்து அட்டையிற் குறிக்கிறோம். பிறந்த நாளும் நாழிகையும் நமக்குத் தெரியும். பிறந்த நாளை எவரும் குறித்து வையாத ஒரு கடற்பிராணியின் வளர்ச்சியை அறிவது எங்ஙனம்? புத்தளம் மாவட்டக் கரையில் வலைக்குள் வந்து விழும் சுறாக் குட்டிகளைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது.

சிலாபம், உடப்பு, கற்பிட்டி என நீளும் இக்கரை மணலும் களப்பும் கண்டலும் கூடியது. இத்தகைய ஆழமற்ற நீர் உலகெங்கும் சுறாக்கள் பலவற்றுக்குத் தொட்டிலாகும். பகாமாவின் பிமினித் தீவிற் பிறந்த எலுமிச்சைச் சுறாக்கள், பல்லாண்டு கடந்த பின்னரும் பிறந்த இடத்துக்கே வந்து குட்டி ஈனுவதை 2013ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

சாதாரண மீனின் வயதை அதன் செவிக்கல்லில் உள்ள வளையங்கள் கூறும். சுறாவுக்கோ எலும்பே இல்லை. உடல் முழுதும் குருத்தெலும்பு. ஆயினும் அதன் முள்ளந்தண்டுக் கணுவை மெல்லிய வில்லையாக அறுத்து நோக்கினால், மரத்தின் வைரத்திற் போலக் கீற்றுக்கள் தெரியும். இக்கீற்று ஆண்டுக்கு ஒன்றா, இரண்டா? கொம்பன் சுறா வகையொன்றில் இது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. இரண்டு என்று கொண்டால் பெண் சுறா நான்கு வயதளவிலே தாயாகும். ஒன்று என்று கொண்டால் பத்து வயதுக்கும் மேலாகும். ஒரு கீற்றின் பொருள் மாறினால் ஓரினத்தின் தலைவிதியே வேறாகத் தோன்றுகின்றதன்றோ!

மற்றொரு வழி மாணவர்க்கும் எளிதில் விளங்குவது. ஒரே கரையில் மாதந்தோறும் குட்டிகளை மூக்கு நுனி முதல் வால் நுனி வரை அளந்து வருதல் வேண்டும். இம்மாதம் 45 செ.மீ. அளவிற் பெரும்பாலானவை இருந்து, இரு மாதம் கழித்து 51 செ.மீ. ஆயின், மாதம் 3 செ.மீ. வளர்ச்சி என்று கணக்கிடலாம். ஆனால் புதிதாய்ப் பிறந்தவை இடையே கலந்தாலும், பெரியவை ஆழ்கடலுக்கு அகன்றாலும், வலைக்கண் சிறியவற்றைத் தப்பவிட்டாலும் கணக்குப் பிழைக்கும். வயது ஏற ஏற வளர்ச்சி தளர்வதையும் மறத்தல் கூடாது. அதனை ஒரு சமன்பாட்டில் அமைத்தவர் பெர்த்தலான்பி என்னும் அறிஞர், ஆண்டு 1938.

கற்பிட்டிப் பக்கத்து வாடியொன்றில் முதிய மீனவர் ஒருவர் நமக்கு வேறோர் அடையாளம் காட்டினார். குட்டியைப் புரட்டி, முன்செட்டைகளின் நடுவே விரல் வைத்து, "தொப்புள் இன்னும் ஆறல்லையே, பாருங்க ஐயா" என்றார். கொம்பன் சுறாவும் பால்சுறாவும் தாய் வயிற்றிற் கொடி வழியே ஊட்டம் பெறுபவை. பிறந்த சில வாரங்களில் அத்தழும்பு ஆறிவிடும். ஆராய்ச்சியாளரும் இதனையே சிசுவின் அடையாளமாகக் கொள்வர்.

சந்தையிலே சிறுசுறா என்று நாம் வாங்குவது சில வேளைகளிற் சிறிய இனமன்று; பெரிய இனத்தின் பச்சிளங் குழந்தை. பால்சுறா இரண்டு மூன்று ஆண்டுகளில் முதிர்ந்துவிடும். அதன் பிடிப்பைக் கடல் ஓரளவு ஈடுசெய்யும். கொம்பனுக்கு அவ்வாறில்லை. அவ்வினத்துள் ஒன்று மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ளதென 2019இல் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 2012இல் நீள்வாற் சுறாக்களைப் பிடிப்பதும், 2015இல் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டன. கொம்பன் குட்டிக்கு அத்தடைகளாற் காவல் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறாப்புட்டு அவிப்பது நம் இல்லங்களின் அன்பு வழக்கம். அவ்வன்பைக் குறை கூற நாம் துணியோம். ஆயினும் தொப்புள் ஆறாத குட்டியை விலக்கி, முதிர்ந்த பால்சுறாவைக் கேட்டு வாங்குதல் இல்லத்தரசியர்க்கு அரிதன்று. கரைவலையில் உயிரோடு வரும் குட்டியை நீரில் விடுதலும் மீனவர்க்கு இயலும். அவர்தம் பேரப்பிள்ளைகளின் வலைக்கும் கடலில் ஏதேனும் மிஞ்ச வேண்டுமல்லவா?