காட்டர் பின்

நான்காம் செமஸ்டரில் எங்களுக்கு ‘ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி’. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 பாடத்திட்டத்தில் எம்.ஏ.2262, பேச்சில் எம்-4. எனக்கு அதில் அரியர் விழுந்தது. ஆவடியில் ஒரு டியூஷனில் சேர்ந்தேன். அங்கே கணக்கை அடையாளம் காண மட்டும் சொல்லித்தந்தார்கள்: இந்தச் சொல் வந்தால் பாய்சான், அந்தச் சொல் வந்தால் எக்ஸ்பொனென்ஷியல். பாஸாக அது போதும்தான்.

வீட்டுக்கணக்கில் ஒன்று. காட்டர் பின் தயாரிக்கிறார் ஒருவர், நூற்றுக்கு 5 பழுது. 100 பின் உள்ள பெட்டியில் பத்துக்கு மேல் பழுது இருக்காது என்று உத்தரவாதம் தருகிறார். அது பொய்க்க என்ன வாய்ப்பு? காட்டர் பின் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அம்பத்தூர் ஒரகடத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த அண்ணனிடம் கேட்டேன். ஐடிஐ முடித்தவர், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மறுநாள் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார்.

“நாங்க ஸ்பிளிட் பின்னுனு சொல்லுவோம். நட்டு கழலாம இருக்க இத குத்தி மடக்கிடுவாங்க.” பிறகு கணக்கைப் படித்துவிட்டுச் சிரித்தார். “நூத்துக்கு அஞ்சு ரிஜெக்ட்டா? எந்தக் கம்பெனி தம்பி இது? ரெண்டு வந்ததுக்கே எனக்கு மெமோ குடுத்துட்டாங்க.”

ஒரு லாட்டில் 50 பீஸ் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூடப் பழுதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வாங்கியவர்கள் மொத்தத்தையும் சோதித்து, நூற்றுக்கு இரண்டு ரிஜெக்ட் என்று திருப்பியிருக்கிறார்கள். பார்க்காமலே கையெழுத்துப் போட்டதாக மெமோ.

கால்குலேட்டரில் 0.98-ஐ 50 முறை பெருக்கினேன். 0.364. “ஒழுங்கா பாத்தாலும் நூறுல முப்பத்தாறு தடவ ஒண்ணுகூட உங்க கண்ணுல படாதுண்ணா.”

இன்னொரு முறை போடச் சொன்னார். அப்புறம், “இத அப்படியே ஒரு தாள்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடு. நீ படிச்சவன்.” அதே பாடத்தில் அரியர் வைத்திருப்பவன் எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்தபடி, “அப்ப எத்தன பீஸ் பாக்கணும்?” என்றார்.

“அது சிலபஸ்ல இல்லண்ணா.”

மெமோ திரும்பப் பெறப்படவில்லை. மூன்று நாள் சம்பளம் போனது. “அம்பது பாத்தா தப்பலாம், சரி. நீ அம்பது பாத்தேன்னு இந்தத் தாள்ல எங்க இருக்கு?” என்று கேட்டாராம் மேனேஜர். யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் தவறில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் 52 வாங்கி அரியரை முடித்தேன். பல வருடம் கழித்து ஆபீசில் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு ரெக்கார்டுகளை மாற்றினோம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, “சும்மா ஒரு அம்பது எடுத்துப் பாருங்க” என்றார் லீட். அண்ணன் ஞாபகம் வந்தது. அதே 0.98-தான். எத்தனை முறை பெருக்கினால் 0.05-க்குக் கீழே இறங்கும்? லாகரிதம் போட்டால் ஒரு வரி: 149. பிளஸ் டூ கணக்கு. சிலபஸில் இல்லாமல் என்ன! 1920களிலேயே பெல் ஆய்வகத்தில் ஹெரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் இந்தக் கேள்விக்கு அட்டவணைகள் போட ஆரம்பித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய லாட்டுக்கு எத்தனை பீஸ் பார்ப்பது என்று சொல்ல இந்தியத் தரநிர்ணயத்தில் ஐ.எஸ். 2500 இருக்கிறது.

அண்ணன் பட்டாபிராம் பக்கம் குடிபோயிருந்தார். போன் போட்டுச் சொன்னேன். “நூத்தி நாப்பத்தொம்பதுண்ணா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஒரு லாட்டுக்கு எனக்கு இருபது நிமிஷம்தான் தம்பி குடுப்பாங்க” என்றார்.