பல் காட்டப் போனோம், ஊர் பார்த்தோம்!

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் கல்யாணம் ஆயிற்று. தேனிலவுக்கு மாலத்தீவு போகிறார்களாம். சொல்லிக்கொண்டு போக வந்தவள், "நீங்க எங்கே போனீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். "பெங்களூருக்கு, பல் டாக்டரைப் பார்க்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நிஜமாகவே அப்படித்தான் நடந்தது.

நான் பிறந்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிற சத்தம் கேட்காத குறைதான், அவ்வளவு பக்கம். ஆனால் நாங்கள் குடித்தது என்னவோ போர் தண்ணிதான். எங்கள் பக்கத்துப் பாறையிலிருந்து ஃப்ளூரைடு என்கிற உப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து வரும். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தபோதே, என் முன்பற்கள் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போட்டுக்கொண்டு முளைத்தன. வகுப்பில் நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆகவே பத்தாவது முடிக்கிறவரை அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

2002-ம் வருஷம் வைகாசியில் கல்யாணம். மாமனார் மேட்டூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தருமபுரியில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். இவரும் என் நாத்தனாரும் மேட்டூர்க் காவிரித் தண்ணி குடித்து வளர்ந்தவர்கள். சிரித்தால் பல் முத்து மாதிரி இருக்கும். மறுவீட்டு விருந்தில் நாத்தனார் அத்தையிடம் மெதுவாக, "ஏம்மா, அண்ணி பல்லே விளக்க மாட்டாங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல் நான் பேசியதில்லை. நாளைக்கு மூன்று தடவை பல் விளக்கினேன். ஈறில் ரத்தம் வந்ததே தவிர, கறை அசையவில்லை!

மூன்றாவது வாரம் இவர், "வெள்ளிக்கிழமை பெங்களூர் போறோம். அங்கே பல் டாக்டர் ஒருத்தரை விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆக, இவருக்கும் என்னைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கிறது! கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் ஜன்னலில் ஓடின. ஒரு வார்த்தை நான் பேசவில்லை. கூட்டுக் குடும்பத்தில் அதுவரை நாங்கள் தனியாகப் பத்து வார்த்தை பேசியிருந்தாலே அதிகம்.

ஆஸ்பத்திரியில், "பெரிய டாக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலை வாங்க" என்றார்கள். திரும்பிப் போனால் மறுபடி பஸ் செலவு, மறுபடி லீவு. இவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டு, மெஜஸ்டிக் பக்கம் ஒரு சின்ன லாட்ஜில் அறை கேட்டார். அங்கிருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக் கயிற்றைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். கட்டியிருந்த புடவையைத் தவிர மாற்றுப் புடவை கிடையாது. தெருவோரக் கடையில் ஒரு சாதாப் புடவை வாங்கித் தந்தார். இப்படித்தான் தொடங்கியது எங்கள் தேனிலவு!

அறையில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தவர், "இது எந்தத் தண்ணி தெரியுமா? காவிரி" என்றார். 1974-லிருந்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாய் போட்டு, மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்களாம். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மேலே பெங்களூருக்குக் கிடைத்தது, கீழே மேட்டூருக்குக் கிடைத்தது. நடுவில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த எங்களுக்குக் கிடைக்கவில்லையே!

சனிக்கிழமை லால்பாக் போனோம். 240 ஏக்கர் தோட்டம். 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, பிறகு திப்பு சுல்தான் வளர்த்தது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும்தான் மலர்க் கண்காட்சி. நாங்கள் போனது ஆனி மாதமானதால் கண்ணாடி மாளிகை காலியாக இருந்தது. 1889-ல் கட்டியது அது. உள்ளே நின்றால் பெரிய பறவைக் கூண்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அங்குள்ள பாறை 300 கோடி வருஷம் பழையதாம்! அதன் உச்சியில் கெம்பே கவுடா கட்டிய மண்டபம். ஏறும்போது வழுக்கிற்று. இவர் கையை நீட்டினார். கல்யாண மேடைக்குப் பிறகு அன்றுதான் பட்டப்பகலில் இவர் கையைப் பிடித்தேன்.

கீழே ஒரு போட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். காசும் விலாசமும் கொடுத்தால் படத்தைத் தபாலில் அனுப்புவாராம். "சிரிங்கம்மா!" என்றார். என் முந்தானை தானாக வாய்க்குப் போய்விட்டது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசவனகுடி நந்தி கோயில். ஒரே கல்லில் செதுக்கிய அந்தப் பெரிய நந்தியைச் சுற்றிவந்தோம். வெளியே வறுத்த வேர்க்கடலை வாங்கினோம். மத்தியானச் சாப்பாட்டில் ராகி முத்தே என்று கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் நம் ஊர்க் களி! "இதைத் தின்ன இவ்வளவு தூரம் வரணுமா?" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் கப்பன் பார்க் வழியாக விதான சௌதாவுக்கு நடந்தோம். 1956-ல் கட்டி முடித்த சட்டசபைக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை இருட்டினதும் முழுக்க விளக்குப் போடுவார்கள். திடீரென்று அத்தனை விளக்கும் எரிந்தபோது எங்கிருந்தோ எனக்குத் துணிச்சல் வந்தது.

"ஏங்க, என் பல்லு உங்களுக்குப் பிடிக்கலியா? அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

"பல்லா? நீ வாயைப் பொத்திக்கிட்டே பேசறே. பாதி வார்த்தை எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. டாக்டரைப் பார்த்தாலாவது பொத்தாம பேசுவேன்னு நினைச்சேன்" என்றார்.

நடு ரோட்டில் அழுதேன். பிறகு சிரித்தேன். விருந்தில் காதில் விழுந்ததைச் சொன்னேன். அன்று ராத்திரி எத்தனை மணி வரை பேசினோம் என்று தெரியாது.

திங்கட்கிழமை டாக்டர் நிதானமாக விளக்கினார். இது பல் விளக்காததால் வந்த கறை அல்ல. சின்ன வயதில் பல் உள்ளே உருவாகும்போதே ஃப்ளூரைடு அதிகமான தண்ணீரைக் குடித்ததால் எனாமலில் விழுந்த தழும்பு. மேலாகத் தேய்த்து ஓரளவு குறைக்கலாம். அல்லது பல்லை அராவி மேலே உறை போடலாம் என்றார். நான் கேட்ட ஒரே கேள்வி, "எனக்குப் பிறக்கிற குழந்தைக்கும் வருமா?" என்பதுதான். "இது பரம்பரையாக வருவதில்லை அம்மா. எட்டு வயசு வரை நல்ல தண்ணி கொடுங்க, போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே பெங்களூர் வந்த செலவு தகும்!

உறுதியாக இருந்த பல்லை அராவ எனக்கு மனசு வரவில்லை. இவரும், "உனக்காகன்னா செய்யலாம், எனக்காகன்னா வேண்டாம்" என்றுவிட்டார். செய்துகொள்கிறவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், அவரவர் விருப்பம். எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பஸ் ஏறுமுன் மறுபடி லால்பாக் போய், அதே போட்டோக்காரரைத் தேடிப் பிடித்து, இன்னொரு படம் எடுத்துக்கொண்டோம்.

ஊர் திரும்பியதும் டாக்டர் சொன்னதை இவரே வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். நாத்தனார் முகம் வாடிவிட்டது. "தெரியாம கேட்டுட்டேன் அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்குத்தான் எப்படித் தெரியும்?

மறுவருஷம் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியது. இவர் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்களுடையது அதைத் தாண்டியிருந்தது. மாடியிலிருந்து குழாய் இறக்கி, மூடிய தொட்டியில் மழைத் தண்ணியைப் பிடித்துவைத்தார். முதல் மழையை வெளியே விட்டுவிடுவோம். மகளுக்குக் குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, எங்கள் மாவட்டத்துக் குழாய்களிலும் காவிரி வந்தது. முதல் குடம் பிடித்தபோது எனக்கு அந்த லாட்ஜ் டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். போர் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்பதானால் ஒரு முறை பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாலத்தீவுப் பெண்ணிடம் பழைய ஆல்பத்தைக் காட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். இரண்டிலும் அதே கண்ணாடி மாளிகை. ஒன்றில் என் முகத்தில் பாதி முந்தானை. இன்னொன்றில் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது, கறையோடு. "இதிலேதான் ஆன்ட்டி நீங்க அழகா இருக்கீங்க" என்று இரண்டாவதைத் தொட்டுக் காட்டினாள்.

"அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேசின பேச்சும்மா" என்றேன். "நீயும் மனசிலே ஏதாவது இருந்தா, கடலை வேடிக்கை பார்க்கிறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுடு."